ஈசான மூலையில் இருந்த மேடு

லவால்
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நகுலன் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். வீட்டுத் தொலைபேசியை எடுக்கிற அத்தான் "அக்கா குளிக்கிறா" என்கிறார். காலையில் எடுத்தாலும் குளிக்கிறீர்கள், மத்தியானம் எடுத்தாலும் குளிக்கிறீர்கள். உங்கள் மகள் ஆர்த்திகாவும் என் அழைப்பை எடுப்பதில்லை. ஆகவே முத்திரை வாங்கி ஒட்டி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் கடைசியாகக் கடிதம் எழுதிக்கொண்டது நீங்கள் மொன்றியலுக்கு வந்த புதிதில். அப்போது நான் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தேன்.

முதலில் மன்னிப்பு. அன்றைக்கு உங்கள் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னது பிழை. வெளியாட்கள் இருவரை வைத்துக்கொண்டு சொன்னது அதைவிடப் பிழை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு சின்ன ஆறுதல். மனதாரக் கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அக்கா, என் பக்கத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும். சுதாஜினி கண்ணை மூடி, நான் மனைவியில்லாதவனான பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லவாலில் தனிய இருக்க முடியாமல் உங்களிடம் வரத் தொடங்கினேன். ஆறு வருடமாகிறது. உங்கள் பின்வளவின் வடகிழக்கு மூலையில் அந்த மேட்டை முதன்முதல் பார்த்தபோதே எனக்குள் ஏதோ தட்டியது. நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறுகிறவன் நான். கட்டில் அளவில், தலை தட்டையாக, ஒரு மேடு தானாக முளைக்காது. தேடிப் பார்த்தேன். விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில், 1890களில், உங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து ஒரு கோல்ஃப் மைதானமாக இருந்திருக்கின்றன. வங்கிக்காரரும் கப்பல்காரரும் சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கி, சிவப்புக் கோட்டுப் போட்டு விளையாடியிருக்கிறார்கள். புல் வெட்ட இயந்திரம் இல்லை, ஆடுகளை விட்டு மேய்த்திருக்கிறார்கள். பிறகு கழகத்தின் வீடு தீப்பிடித்தது. நிலம் கைமாறி வெங்காயத் தோட்டமாகி, பிறகு வீடுகளாகியது. ஒவ்வொரு குழிக்கும் பந்தை முதலில் வைத்து அடிக்க ஒரு சின்ன மண்மேடை கட்டுவார்கள். அந்த மைதானம் முழுவதிலும் மிஞ்சியது அப்படி ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் வளவில் இருந்தது.

இது எல்லாம் உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் அந்த மேட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து நான் சொல்லக் கேட்டவர் நீங்கள். மரபுரிமைக் குழுவில் இருந்து இருவரைக் கூட்டி வருகிறேன் என்று வைகாசியிலேயே சொன்னேன். ஒரு பெயர்ப்பலகை வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள், அதையும் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். வந்து பார்த்தால், சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கிற புதுப் புல். மேடும் இல்லை, ஒன்றும் இல்லை. குழுவில் இருந்து வந்த பெண் கமராவைத் திரும்பப் பைக்குள் வைத்ததைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஈசான மூலை உயரக்கூடாது, உயர்ந்தால் வம்சம் தழைக்காது என்று கோயிலில் யாரோ சொன்னதாகப் போன வருடம் நீங்கள் சொன்னபோது சிரித்துவிட்டு இருந்தேன். சிரித்தது பிழை, அப்போதே உங்களோடு சண்டை பிடித்திருக்க வேண்டும். வாஸ்துவுக்காக நூற்று முப்பது வருட மண்ணை வெட்டி லொறியில் ஏற்றுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பதில் போடுங்கள்.

தம்பி,
நகுலேஸ்வரன்

டோர்வல்
2 நவம்பர் 2024

தம்பி நகுலனுக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்பு ஐந்து வரி, கோல்ஃப் இரண்டு பக்கம். தட்டில் ஒரு கரண்டி சோற்றை வைத்து ஒரு சட்டி உப்பைக் கொட்டின மாதிரி இருந்தது.

"அந்தச் சொல்" "அந்தச் சொல்" என்று எழுதியிருக்கிறாய். எழுதக் கை கூசியதோ? நான் எழுதுகிறேன், நீயே வாசித்துப் பார். "மண்ணை வெட்டி அள்ளினா வயித்திலை பிள்ளை தங்கிடுமோ?" இதுதான் நீ கேட்டது. தெருவில் நாய் கொண்டு போனவர்கூடத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் கேட்டாய்.

தமிழ் தெரியாத இரண்டு பேர் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார்கள். எனக்குப் பின்னால், வலைக்கதவுக்கு அங்கால் ஆர்த்திகா நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியும். நானும் அத்தானும் விமான நிலையத்தில் இரவு பகலாக வேலை செய்த காலத்தில் அவளை மடியில் வைத்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நீதான். வாசிக்கத்தான் தெரியாது, கேட்டால் ஒரு சொல் தவறாமல் விளங்கும். உனக்கு அது தெரியாதா?

அவள் அப்படியே திரும்பி அறைக்குள் போனாள். அன்றும் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அவள் புருஷன் பிரசாந் வந்து கெஞ்சியும் முடியவில்லை. அவளுக்குக் கலியாணமாகி ஏழு வருடம், மடியில் ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் வாய்க்குள் சொன்னதை நீ வாய் திறந்து சொன்னாய். ஊர் சொன்னால் பொறுக்கலாம், தாய்மாமன் சொன்னால் எங்கே போய்ச் சொல்லி அழுவது?

வாஸ்துவா என்று கேட்கிறாய். ஓம், வாஸ்துதான். அப்படியே வைத்துக்கொள். எங்கள் வீடு, எங்கள் வளவு, எங்கள் மண்.

உன் மடக்குக் கதிரை கராஜுக்குள் இருக்கிறது. எடுக்க வரவேண்டாம், அத்தான் வரும்போது கொண்டுவந்து தருவார். பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடு. அது வேறு, இது வேறு.

அக்கா,
செல்வமலர்

லவால்
13 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனையோ முறை வாசித்துவிட்டேன். நீங்கள் எழுதியிருந்த என் வார்த்தையை என் கையெழுத்தில் எழுதிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

அவள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. "தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்" என்று எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். அவள் இல்லாவிட்டாலும் அது சொல்லக்கூடிய சொல் இல்லை. உங்களைக் குத்த ஒரு கத்தி தேடினேன், கைக்கு அகப்பட்டது அந்தப் பிள்ளை. நினைக்க நினைக்க என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இதற்குமேல் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று மண்டைக்குள் நின்று குடைகிறது, கேட்காமல் இருக்க முடியவில்லை. நாங்கள் வந்தது வியாழக்கிழமை காலை. ஆர்த்திகா வேலை செய்கிற கார்டெரியில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், வியாழக்கிழமை விடுமுறை இல்லை. அவள் ஏன் உங்கள் வீட்டில் நின்றாள்?

இன்னொன்று. வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோதே ஒரு மணம் வந்தது. கோபத்தில் அது மூக்கோடு நின்றுவிட்டது. போன கிழமை தமிழ்க் கடையில் சரக்குத்தூள் பைக்கற் ஒன்று கையில் பட்டது. மணந்து பார்த்தேன், அதே மணம். மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் வறுத்து அரைத்து, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சுகிற பத்தியக் கறி. ஆர்த்திகா பிறந்தபோது உங்களுக்கு அதைக் காய்ச்சிக் கொடுத்தது சுதாஜினியும் நானும். அந்த மணம் எனக்குப் பிழைக்காது.

உங்கள் வீட்டில் யாருக்கு அக்கா பத்தியம்?

என் பயம் பிழை என்று ஒரு வரி எழுதுங்கள். மேட்டைப் பற்றி இனி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

நகுலன்

டோர்வல்
5 ஜனவரி 2025

தம்பி நகுலனுக்கு,

உன் கடிதம் டிசம்பர் முடிவில், நத்தாருக்குப் பிறகுதான் வந்தது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். நீ நவம்பரில் கேட்ட கேள்வி ஏதோ ஒரு சாக்குக்குள் கிடந்திருக்கிறது. அதற்குள் நீ இரண்டு தடவை தெருமுனை வரை வந்து திரும்பிப் போனதை அத்தான் கண்டிருக்கிறார். நான் பதில் போடாமல் இருந்தது கோபத்தில் என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்ததுதான், ஆனால் கடிதம் கையில் கிடைக்கவில்லை.

உன் பயம் பிழையில்லை.

மூன்றாவது தடவை, தம்பி. முதல் இரண்டும் தொடக்கத்திலேயே போய்விட்டன. அவை உனக்குத் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. இந்த முறை ஐந்து மாதம். நான்தான் அவளுடைய வாயைக் கட்டினேன். "ஐஞ்சு மாசம் முடியட்டும் பிள்ளை, பேந்து எல்லாருக்கும் சொல்லுவம், கண்ணூறு பொல்லாதது" என்றேன். அவள் முதலில் உனக்குச் சொல்லவேண்டும் என்று நின்றாள். "மாமாவுக்கு மட்டும் சொல்லட்டே அம்மா?" என்று கேட்டாள். மாமாவுக்கும் வேண்டாம் என்றேன். புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. பெண் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் நல்ல மாதிரித்தான் நடந்துகொண்டார்கள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு தொப்பி பின்னி வைத்திருந்தார்கள், அதைப் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். பிறகு தாங்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பிரசாந் ஓம் என்றுவிட்டான். வேறு என்ன சொல்வான் அந்தப் பிள்ளை.

அவளை நான் இங்கே கூட்டிவந்தேன். பின்னறையில் படுக்கவைத்தேன். இரண்டாம் நாள் யன்னலால் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "அம்மா, எங்கடை ஆக்கள் சின்னப் பிள்ளையளை எரிக்கிறேல்லைத்தானே?" என்று கேட்டாள். யோசியாமல் பதில் சொன்னேன். "இல்லைப் பிள்ளை, புதைக்கிறதுதான்" என்றேன். அவள் திரும்ப யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அடுத்த நாள் யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள். அதற்கடுத்த நாள் திரையின் ஓரத்தை ஊசிகளால் குத்தி வைத்திருந்தாள். அன்று பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அதைப் பாக்கேலாமல் கிடக்கு அம்மா. அந்த மேட்டை எடுத்துவிடுங்கோ."

நீ அதைக் கோல்ஃப் மேடை என்று பார்த்தாய். அத்தானுக்கு அது புல்வெட்ட இடைஞ்சல். அவளுக்கு அது என்னவாகத் தெரிந்தது என்று நான் எழுதத் தேவையில்லை.

அந்தக் கிழமையே ஆளைப் பிடித்து எடுப்பித்தேன். முன் வீட்டுக்காரர், கோயில்காரர், அத்தானின் தங்கச்சி, எல்லாருக்கும் வாஸ்து என்றேன். வாஸ்து என்றால் எங்கள் ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மேலே ஒரு கேள்வி வராது. உன்னை அந்த ஞாயிறுகளில் வரவேண்டாம் என்று மறித்துவிட்டு, உனக்கும் அதையே சொல்லலாம் என்று விட்டேன்.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ தாய்மாமன். எத்தனையோ முறை ஃபோனைக் கையில் எடுத்தேன், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கீழே வைத்தேன். நீ சொன்னது பிழை. நீ அதைச் சொல்லும்படி உன்னை இருட்டில் விட்டது நான்.

அக்கா

லவால்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். சுதாஜினியின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அவளிருந்தால் முதலில் என் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டு, உடனே உங்களிடம் ஓடி வந்திருப்பாள்.

நான் ஆர்த்திகாவைப் பற்றி அப்படிக் கேட்டது அவள் பிள்ளையை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத நாளில். உங்கள் அடுப்பில் அவளுக்குப் பத்தியம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில். இதை நான் எப்படிக் கழுவுவேன் அக்கா?

இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பீர்களோ திட்டுவீர்களோ தெரியாது.

போன சனிக்கிழமை உங்கள் தெருவுக்கு வந்தேன். அத்தான் கண்டது இரண்டு தடவை, மூன்றாவதை அவர் காணவில்லை, இது நாலாவது. மணியடிக்கத் துணிவில்லாமல் பனிக்குள் நின்றேன். பக்கத்து வீட்டு மதாம் லீஸ் பனி தள்ளிக்கொண்டு நின்றா. "பொன்ஜூர், நீங்கள்தானே அந்த மேட்டில் உட்காருகிறவர், மேடு எங்கே போனது?" என்று கேட்டா. எடுத்துவிட்டார்கள் என்றேன். அவ கவலைப்பட்டா. சின்ன வயதில் தம்பிமாரோடு சேர்ந்து அதில் சறுக்கி விளையாடினதாம். தன்னுடைய தகப்பன் 1971ல் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் தோண்டியபோது, வெட்டின மண்ணைப் பக்கத்து வளவில் குவிக்க உங்கள் வீட்டின் பழைய சொந்தக்காரர் இடம் கொடுத்தாராம். அதுதான் அந்த மேடாம்.

விளங்குகிறதா அக்கா? அது கோல்ஃப் மேடை இல்லை. விக்டோரியா ராணியும் இல்லை, சிவப்புக் கோட்டும் இல்லை. மதாம் லீஸ் வீட்டு நீச்சல் குளத்து மண்.

தொழில் தெரிந்தவன் நான். ஒரு மண்வெட்டி எடுத்து முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தால் மண்ணின் நிறமே காட்டிக்கொடுத்திருக்கும். ஆறு வருடத்தில் ஒரு தடவை தோண்டவில்லை. தோண்டினால் மேடு கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், தோண்டப் பயம். அது ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வது? ஒரு குளத்து மண்ணுக்காகத்தான் அந்தப் பிள்ளையை அப்படிக் கேட்டேன்.

குழுவுக்கு எழுதிவிட்டேன். மேடு பற்றி நான் சொன்னது முழுப்பிழை, அந்த மைதானத்தில் ஒரு பிடி மண்கூட மிஞ்சவில்லை என்று எழுதினேன். அவர்கள் மரியாதையாக நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள்.

மதாம் லீஸ் போகும்போது ஒன்று சொன்னா. "உங்கள் அக்காவுக்கு இது தெரியும், எப்போதோ சொன்னேனே" என்றா. உண்மையா? உங்களுக்குத் தெரியுமா?

நகுலன்

டோர்வல்
2 பெப்ரவரி 2025

தம்பி நகுலனுக்கு,

தெரியும். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கி இரண்டாம் வருடமே மதாம் லீஸ் வேலிக்கு மேலால் சொல்லிவிட்டா. அன்றிரவே உனக்குச் சொல்ல நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு நீ வந்தாய். சுதாஜினி போன பிறகு முதல் தடவையாக ஷேவ் எடுத்திருந்தாய். வந்ததும் வராததுமாகத் தேத்தண்ணியோடு மேட்டுக்குப் போனாய். ஆடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். மேய்ப்பன் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன், பந்து ஆட்டின் மேல் பட்டால் அபராதம், எந்த ஆடு எந்தக் குழிக்குப் பக்கத்தில் படுக்கும் என்று உறுப்பினர்களுக்கு மனப்பாடம், இப்படி என்னவெல்லாமோ சொன்னாய். ஆர்த்திகாவும் வந்து புல்லில் இருந்தாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீயும் சிரித்தாய். நீ சிரித்து நான் கண்டு அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அது குளத்து மண்ணடா" என்று எந்த அக்கா சொல்வாள்?

அடுத்த கிழமை சொல்லலாம் என்று விட்டேன். பிறகு அதற்கடுத்த கிழமை. மண்தானே, இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். வைகாசியில் நீ வெளியாட்களைக் கூட்டிவரப் போகிறேன் என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், தலையாட்டினேன். இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தாயா என்று கேட்பாயே என்ற வெட்கம்.

நான் சொல்லியிருந்தால் நீ அவர்களைக் கூட்டி வந்திருக்க மாட்டாய். கூட்டி வராவிட்டால் கோபம் இல்லை, கோபம் இல்லாவிட்டால் அந்தச் சொல்லும் இல்லை. உன் வாயால் வந்ததில் பாதி என்னுடையது. உன்னை மட்டும் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, நான் உள்ளே நல்லவளாக இருந்திருக்கிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். உன் கடிதங்களை ஆர்த்திகாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவளேதான் கேட்டாள். வலிக்கும் என்று நினைத்த இடங்களைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். நேற்று என் கையில் இருந்து தாளைப் பறித்துவிட்டாள். எழுத்துத் தெரியாது, ஆனாலும் விரலை வைத்து வரிகளை எண்ணினாள். "இவ்வளவு எழுதியிருக்கிறார், நீங்கள் இவ்வளவுதான் வாசிச்சனீங்கள். மிச்சம் எங்கை?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் முதலில் இருந்து வாசித்தேன். குளத்து மண்ணையும் வாசித்தேன். அவளுக்கு எங்கள் இருவர் மேலும் கோபம். "நீங்கள் ரெண்டு பேரும் ஒராளுக்கொராள் பாவம் பாத்து, கடைசியிலை எனக்கு ஆரும் பாவம் பாக்கேல்லை" என்றாள்.

அவளுக்கு எழுது. நான் ஒரு எழுத்துத் தாண்டாமல் வாசிப்பேன். கோல்ஃப் வேண்டாம்.

அக்கா

லவால்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது ஆர்த்திகாவுக்கு. அப்படியே வாசியுங்கள்.

ஆர்த்திக்குட்டி, மாமா கதைக்கிறேன். நான் உன்னை நினைத்து அதைச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. உன்னைப் பற்றித்தான் சொன்னேன். உனக்கு நோகும் என்று யோசிக்காமல், அம்மாவுக்கு நோகவேண்டும் என்று சொன்னேன். நீ கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை என்றால் எனக்கு அந்தச் சொல் மறந்தே போயிருக்கும். அதுதான் எனக்குக் கூடுதலாக வெட்கம்.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பமாட்டேன். ஏழு வருடமாக நீங்கள் இருவரும் சும்மா சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். உன் முகம் ஒரு வைகாசியில் மாறிக் கிடந்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் நீ அழுவாய், அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் கோல்ஃப் கதை சொன்னேன். என் துக்கத்துக்கு ஆறு வருடம் உங்கள் வளவில் கதிரை போட்டு இருந்தவன், உன் துக்கத்துக்கு ஒரு நிமிடம் இடம் விடவில்லை.

நீ காது குத்தும்போது என் மடியில் இருந்துதான் கத்தினாய். பிள்ளை வந்தால் அதையும் நான்தான் மடியில் வைத்திருக்க வேண்டியவன். அவள் வந்தாள், போனாள், எனக்குத் தெரியாது. தெரியப்படுத்தாத பிழையை அம்மா தன்மேல் போடுகிறா. நான் நம்பிச் சொல்லக்கூடிய ஆளாக இருந்திருந்தால் நீ யாரையும் கேட்காமல் என்னிடம் சொல்லியிருப்பாய்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ எப்போதாவது ஏசவேண்டும் என்று நினைத்தால் எடுத்து ஏசு. நான் ஃபோனை வைக்கமாட்டேன்.

மாமா

டோர்வல்
27 ஏப்ரல் 2025

தம்பி நகுலனுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்தது என் சோம்பலால் இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் நான் எழுதக்கூடாது என்று காத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே அவளுக்கு வாசித்து முடித்தேன். அவள் எழுந்துபோய்த் தன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு, பிரசாந்திடம் போய்விட்டாள். நான் பயந்துபோனேன். பங்குனியில் திரும்ப கார்டெரிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் மத்தியானமே திரும்பி வந்தாள், அடுத்த நாள் பின்னேரம் வரை நின்றாள். இப்போது முழுக்கப் போகிறாள். சின்னப் பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றிப் போடுகிறபோது சில நேரம் கை நின்றுவிடுகிறதாம், அதை மட்டும் என்னிடம் சொன்னாள்.

போன ஞாயிறு இங்கே வந்தாள். பனி எல்லாம் போய்ப் புல் தெரிகிறது. மேடு இருந்த இடத்தில் அத்தான் விரித்த புல் மற்றப் புல்லைவிடப் பச்சையாக நிற்கிறது, தெரியாதவனுக்கும் தெரியும். அவள் பின்னறைத் திரையின் ஊசிகளைக் கழற்றி, யன்னலைத் திறந்து, கனநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவளாகத்தான் கதைத்தாள். சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"மாமா ஒரு பிடி மண்கூட மிஞ்சாத இடத்தைப் பற்றி ஆறு வருஷமாக் கதைச்சவர். நாங்களும் இருந்து கேட்டனாங்கள். ஒருத்தரும் அவரைப் பேசாமல் இரு எண்டு சொல்லேல்லை. என்ரை பிள்ளையைப் பற்றி மட்டும் ஏனம்மா ஒருத்தரும் கதைக்கினமில்லை?"

கண்ணூறு என்று வாயைக் கட்டினவள் நான், வாஸ்து என்று மூடினவள் நான். அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு பேரும் நல்லாக அழுதோம். அத்தான் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். "மாமாவை வரச் சொல்லுங்கோ. ஆனா இந்த முறை நான்தான் கதைப்பன், அவர் இருந்து கேக்கவேணும். அவளுக்கு நான் பேர் வைச்சனான், அதை அவருக்கு நேரிலை சொல்லுறன். பேந்து வேணுமெண்டா அந்த ஆட்டுக் கதையைச் சொல்லட்டும்."

பெயரை எனக்கும் இன்னும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருந்து கேட்கலாமாம்.

வாற ஞாயிற்றுக்கிழமை வா. தெருமுனையில் நிற்காமல் நேரே வந்து மணியடி. உன் கதிரையை அத்தான் உன்னிடம் கொண்டுவந்து தரவேயில்லை, அது இவ்வளவு நாளும் இங்கேதான் கிடந்தது. கழுவித் துடைத்துப் பின்வளவில் போட்டிருக்கிறேன். பக்கத்தில் அவளுக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று.

அக்கா